முட்டுக்கட்டையும் இழுபறியும்

சொற்கள் எல்லாம் பொருள் உடையனவே என்று பெயரியலிற் கூறிய தொல்காப்பியர், ஒரு சொல்லுக்கு அப்பொருள் வந்த காரணம் நோக்கிய மாத்திரத்தே தெளிவாகத் தோன்றிவிடாது என்று உரியியலில் எச்சரித்தும் சென்றார். முதலாவது கூற்றை நாம் மாணவர்க்கு ஓதுகிறோம். இரண்டாவதைப் பரீட்சைக்கு வேண்டிய அளவில் நிறுத்திக்கொள்கிறோம். விடைத்தாள் திருத்தும்போது அதனை முற்றாக மறந்துவிடுகிறோம் என்பதை யான் அண்மையில் ஒரு மாணவனிடம் கற்றேன்.

மொழிபெயர்ப்புப் பயிற்சியொன்றில் ஆங்கில வாக்கியம் ஒன்று கொடுத்திருந்தேன். இரு தரப்பாருக்கிடையே நடந்த பேச்சு 'டெட்லொக்' எனும் நிலையை அடைந்தது என்பது அதன் கருத்து. 'முட்டுக்கட்டை நிலையை அடைந்தது' என்பதே யான் எதிர்பார்த்த விடை. நாளிதழ்கள் அவ்வாறே எழுதுகின்றன. வானொலியும் அவ்வாறே சொல்லுகின்றது. வகுப்பில் ஏறத்தாழ எல்லாரும் அதையே எழுதினர். ஒருவன் மட்டும் 'பேச்சு இழுபறியில் நின்றுவிட்டது' என்று எழுதியிருந்தான். அது பேச்சு வழக்கு, கட்டுரை வழக்கன்று எனக் கருதிச் சிவப்பு மையாற் கோடிட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் எழுந்து நின்று, "சேர், முட்டுக்கட்டை தேரை மறிக்கிறதுக்கு மட்டுமில்லை, திருப்புறதுக்கும்தான் போடுறது. எங்கட அப்பாதான் கோயில்ல போடுறவர்" என்றான். வகுப்புச் சிரித்தது. யானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிரித்துவிட்டு வீடு சென்றவனுக்கு அன்றிரவு அகராதியைப் புரட்டாமல் இருக்க முடியவில்லை. இக்கட்டுரை அவ்வாறு எழுந்தது.

'முட்டு' என்பதே இங்கு ஆராய்தற்குரிய பகுதி. வினையாக வருங்கால் அது மோதுதல், எதிர்ப்படுதல், தொடுதல் என்னும் பொருள்களைத் தரும். குறுந்தொகையின் இருபத்தெட்டாம் பாட்டில் ஔவையார் இவ்வினையைத் தாக்குதல் என்பதன் அருகே வைத்துப் பாடியமையால் மோதற்பொருள் மிகப் பழையது என்பது தெளிவு. பெயராக வருங்கால் பொருள் விரிந்து செல்கின்றது. யாழ்ப்பாணத்து மிஷனரிமார் தொடங்கிய பணியின் பயனாக 1862இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோ அகராதியையும், 1924 தொடக்கம் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியையும் ஒப்பிட்டு நோக்கினால், தடை, தாங்கு, குறைவு என ஒன்றோடொன்று ஒவ்வாதன போலத் தோன்றும் பொருள்கள் இவ்வொரு சொல்லின்கீழ் வருவதைக் காணலாம். தடுப்பதும் முட்டு, தாங்குவதும் முட்டு. சரியும் சுவருக்கு மரத்தை அண்டக் கொடுத்தால் அது முட்டுக்கொடுத்தல். கைப்பணம் வற்றினால் அது முட்டுப்பாடு. குடம் முட்ட நீர், வயிறு முட்டச் சோறு என்னும்போதோ குறைவுக்கு நேர்மாறான நிறைவு பெறப்படுகின்றது. நம்மூரில் முட்டு வருத்தம் என்றால் மூச்சிழுப்பு நோய், தடைப்படுவது மூச்சு.

இப்பொருள்களை ஒன்றாகக் கட்டும் இழை யாது? தமிழ்ச் சொற்களின் அடியைச் சுட்டெழுத்துகளின் இடப்பொருளிற் கண்டவர் நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர். 1938 முதல் வெளிவந்த அவருடைய சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி முற்றுப்பெறாமலே 1947இல் அவர் மறைந்தார். அவர் முடிபுகள் யாவற்றையும் இன்று ஏற்பாரில்லை. எனினும் ஒரு சொல்லின் பொருளைத் தேடுங்கால் முதலில் அது இடத்தில் எதைக் காட்டுகிறது என்று வினாவுக என்னும் அவர் நெறி ஈண்டுப் பெரிதும் உதவுகின்றது. ஒரு பொருளின் எல்லை மற்றொன்றன் எல்லையைச் சென்று தொடுதலே முட்டு. நீர் குடத்தின் வாயைத் தொட்டால் நிறைவு. மரம் சுவரைத் தொட்டு நின்றால் தாங்கு. செல்வோன் மதிலைத் தொட்டால் தடை. குறைவு என்னும் பொருள் தடையினின்று கிளைத்தது போலும். வரவு தடைப்பட்டவிடத்தே குறைவு தோன்றும். ஆகவே முட்டு என்பது தன்னளவில் நன்மையுமன்று தீமையுமன்று. அதனைத் தீயதாக்குவது சொல் வழங்கும் இடமேயாம்.

ஒரு விலகல். 'முட்டாள்' என்பதும் இச்சொல்லினின்று பிறந்ததே என்றும், கோயில் உலாக்களிலே முட்டுக் கொடுக்க நின்ற ஆளே முட்டு ஆள் என்றும் மேடைகளிற் கூறக் கேட்டிருக்கிறோம். இதற்குப் பழைய இலக்கியச் சான்றோ கல்வெட்டுச் சான்றோ காட்டினாரை யான் கண்டதில்லை. கேட்க இனிமையாயிருத்தல் சொற்பிறப்புக்குச் சான்றாகாது. அன்றியும், முட்டுக்கட்டை போடுவோரைத் தேரின்முன் ஒருமுறை நின்று பார்த்தவர் எவரும் அப்பெயரை அவர்க்குச் சூட்டார்.

அவர்கள் தொழிலைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்; இதை விளங்காமல் சொல்லை விளங்குதல் இயலாது. தேருக்கு வழிதிருப்பும் பொறி இல்லை. அச்சு நேராகக் கிடக்கும். பெருஞ் சில்லுகள் முன்னோக்கி உருளுமேயன்றித் தாமாகப் பக்கம் திரும்பா. வடம் பிடிப்போரும் தேருக்கு மிக முன்னே நிற்பதால், அவர்களால் இழுக்க இயலுமேயன்றித் திருப்ப இயலாது. நல்லூரில் இருபத்தைந்து நாள் மகோற்சவத்தின் இருபத்துநாலாம் நாள் தேர் நான்கு வீதியும் வலம்வந்து மீளவேண்டும். மூலைதோறும் அத்தனை பாரத்தையும் திருப்புவது எங்ஙனம்? சரிவாகச் செதுக்கிய வைரமான மரக்கட்டையை உட்பக்கச் சில்லின்முன் இடுவர். அச்சில்லு கட்டையில் முட்டித் தயங்கும். வெளிப்பக்கச் சில்லு தன்போக்கில் உருளும். தேர் மெல்ல முகம் திரும்பும். நேர்வீதியில் தேர் ஒருபுறம் சாயச் செல்லின் அப்புறத்துச் சில்லில் கட்டையை உரசவிட்டு நேராக்குவர். நிறுத்த வேண்டுமிடத்து இருபுறமும் இடுவர். கட்டையை இடுவோன் உருளும் சில்லுக்கு ஒரு முழ இடைவெளியிற் குனிந்து பின்னடி வைத்துச் செல்வான். இட்டவுடன் கை விலகவேண்டும். சற்றுப் பிந்தினால் கை போய்விடும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிப் பாரமின் தொழிற்சாலையார் நீரழுத்தத் தடைப்பொறி அமைத்துக் கொடுத்த பின்னரும், அத்தேரைத் திருப்புதற்கு முட்டுக்கட்டை வேண்டியிருக்கின்றது.

எனவே மாணவன் கூற்று முற்றிலும் சரி. தேரில் முட்டுக்கட்டை பகையன்று; இழுப்போர் விருப்பத்துக்கு எதிராக இடப்படுவதுமன்று. அதை இடுவோனும் தேரை ஊர்விப்போருள் ஒருவன். தேர் ஓடும்போது போடப்பட்டு, வேலை முடிந்ததும் எடுக்கப்படும் கருவி அது.

கருவிப்பெயர் உருவகமாகித் தீய தடையைக் குறித்ததிற் குற்றமில்லை. எல்லா மொழியிலும் அவ்வாறே நிகழும். தேரைத் திருப்பும் கட்டையைத் தேர் நகராதிருக்கவே ஒருவன் இட்டுவிட்டு எடுக்க மறுத்தால், அங்கே 'முட்டுக்கட்டை போட்டான்' என்பது பொருத்தமான வசையே. ஆயின் இவ்வுருவகம் மூன்றைக் கட்டாயமாக வேண்டி நிற்கின்றது: நகரும் ஒரு தேர், ஓரிடத்தில் வந்து விழும் ஒரு கட்டை, அதனை இட்ட ஒரு கை. இம்மூன்றும் உள்ளவிடத்து மாத்திரமே இச்சொல்லை ஆளலாம். 'டெட்லொக்' எனப்படும் நிலையில் இவை உளவா?

அவ்வாங்கிலச் சொல்லின் பழைய ஆட்சிகளுள் ஒன்று 1779இல் அரங்கேறிய செரிடனின் 'கிறிற்றிக்' என்னும் நகைநாடகத்தில் உள்ளது. திறனாய்வாளரையும் நாடகக்காரரையும் எள்ளும் நாடகம் அது. அதற்குள்ளே ஒரு சோக நாடகத்துக்கு ஒத்திகை நடக்கின்றது. காதலன் ஒருவன்மீது இரு பெண்கள் குத்துவாள் ஓங்குகின்றனர். அப்பெண்களின் கைகளை அவர்தம் மாமன்மார் பற்றிக்கொண்டு, தம் வாள்முனையைக் காதலன்பால் திருப்புகின்றனர். அவனோ இரு குத்துவாள்களை உருவி அப்பெண்களின் மார்பிலே வைக்கின்றான். ஒருவராலும் அசைய முடியவில்லை. நாடகத்தை எழுதியவனாக வரும் பாத்திரம், எல்லாரையும் இவ்வாறு பூட்டிவிட்டேன், முதலிற் கையை விட ஒவ்வொருவரும் அஞ்சுகின்றனர் என்று பெருமிதம் கொள்கின்றான். பின்னர் வெளியேயிருந்து காவலன் ஒருவன் வந்து அரசியின் பெயரால் ஆணையிட, ஆயுதங்கள் கீழே விழுகின்றன.

முதலிற் கைவிட அஞ்சுதல்! இச்சொல்லுக்கு இதனினும் செறிவான உரை வேண்டியதில்லை. இங்கே தேரும் இல்லை, கட்டையும் இல்லை. ஒவ்வொருவரும் மற்றவரைத் தடுக்கின்றார், தாமும் தடுக்கப்படுகின்றார். இந்நூற்றாண்டில் கணினி கற்கும் நம் மாணவரும் இதனையே பிறிதொரு துறையிற் காண்பர். இரண்டு செய்முறைகள், ஒன்று வைத்திருப்பதை மற்றொன்று வேண்டி, தன்கையிலுள்ளதை விடாமல் காத்திருக்கும் நிலையைக் கணினியியலாரும் இச்சொல்லாலேயே குறிப்பர். அந்நிலை உண்டாதற்கு வேண்டிய நான்கு நிபந்தனைகள் 1971இல் வெளியான ஆய்வொன்றில் வகுத்துரைக்கப்பட்டன. டைக்ஸ்ட்ரா என்னும் ஒல்லாந்த அறிஞர் அதனைச் சாவுத் தழுவல் என்னும் பொருள்பட வழங்கினார். நம்மூர்ப் பங்குக் கிணற்றில் வைத்து நோக்கினால் இது இன்னும் எளிது. துலாக்கயிறு ஒருவன் வீட்டில் இருக்கின்றது. பட்டை மற்றவன் வீட்டில் இருக்கின்றது. பட்டையைத் தந்தாற் கயிறு தருவேன் என்கிறான் இவன். கயிற்றைத் தந்தாற் பட்டை தருவேன் என்கிறான் அவன். நடுவே கிணற்றில் நீர் கிடக்கின்றது. இரு தோட்டத்துப் புகையிலையும் வாடுகின்றது. இவருள் முட்டுக்கட்டை போட்டவன் எவன்?

இந்நிலைக்குத் தமிழில் வழங்கும் பிற சொற்களையும் ஒருவாறு நோக்கலாம். 'ஸ்தம்பிதம்' என்பது கோயிற் கொடித்தம்பத்தின் உறவுடைய வடசொல். தூண்போல் நிற்றல் அதன் பொருள். ஒருவன் தனியாகவும் ஸ்தம்பித்து நிற்கலாம். 'முடக்கம்' என்பது மடிதல், சுருளுதல். பண்டை நாளில் ஓலைக் கடிதத்துக்கு முடங்கல் எனப் பெயர் வந்தது அதனாலே. 'இக்கட்டு' ஒருவன் அகப்பட்டுக்கொண்ட இடர். 'தேக்கம்' நீர்க்குரியது. பிரெஞ்சு மொழியில் வோல்த்தேர் பரிந்துரைத்து வழக்கில் வந்த 'இம்பாஸ்' என்பது நம் குச்சொழுங்கை போன்றது. புகுந்தவன் திரும்பி வரலாம், எவரும் எவரையும் பிடித்திருக்கவில்லை. இவையெல்லாம் நின்றுபோதலைக் கூறுகின்றனவேயன்றி, ஒருவரை ஒருவர் பற்றி நிற்றலைக் கூறவில்லை.

'இழுபறி' அதனைக் கூறுகின்றது. இழுத்தலும் பறித்தலும் என விரியும் முதனிலைகள் இரண்டு, இடையே உம்மை தொக்குத் தொழிற்பெயராயின. நம்மவர் வாயில் வழங்கும் 'அடிபிடி' போன்றது இதன் ஆக்கம். இழுப்பவன் ஒருவன் இருந்தால் இழுப்பு. பற்றிக்கொண்டிருப்பவன் எதிரே ஒருவன் இருந்தாலன்றிப் பறித்தலுக்கு இடமேது? எனவே இச்சொல்லுக்கு எழுவாய் எப்பொழுதும் பன்மையே. 'அவன் முட்டுக்கட்டை போட்டான்' என்பது தமிழ். 'அவன் இழுபறி போட்டான்' என்பது தமிழன்று. பேசுவோன் விரும்பினாலும் ஒருவன்மீது மட்டும் பழியைச் சுமத்த இச்சொல் இடங்கொடாது.

இதற்கு ஒரு தடை நிகழும். இழுபறி என்பதில் அசைவு உண்டு, 'டெட்லொக்' என்பதில் அசைவின்மை அன்றோ என்பாருளர். விளையாட்டுப் போட்டியிற் கயிறிழுத்தலைக் கண்டவர்க்கு இத்தடை தோன்றாது. இரு பக்கமும் வலி ஒத்திருக்கும் கணத்திற் கயிறு அசைவதில்லை. நடுவிற் கட்டிய துணி நின்ற இடத்திலேயே நிற்கின்றது. ஆயின் கயிறு தளர்ந்திருக்கின்றதா? முறுகி நிற்கின்றது. வலியோடு கூடிய அந்த அசைவின்மையே நாம் பெயர் தேடும் நிலை. தேர்வடத்தை எல்லாரும் ஒரு திசையில் இழுக்கின்றனர், இங்கே கயிற்றை இரு திசையில் இழுக்கின்றனர் என்பதையும் உடன் வைத்து நோக்குக. ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. 'சீவியம் இழுபறியாய்க் கிடக்கு' என்று போதாமையைக் குறித்தும் நம்மவர் இச்சொல்லை வழங்குவர். அவ்வழக்கு எனது கூற்றுக்கு முழுதும் அடங்காதது. அங்கே மறுதலையை வறுமை பிடித்திருக்கின்றது என்று உரைகூறித் தப்பலாம், ஆனால் அது உரையாசிரியர் தப்பும் வழி.

இவ்வேறுபாட்டை வரலாற்றில் வைத்துச் சோதித்தல் நன்று. 1957 யூலை 26இற் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் உடன்படிக்கை செய்தனர். பேசிய இருவரிடையே முடிவு இருந்தது. ஐக்கிய தேசியக் கட்சியாரின் கண்டி யாத்திரையும் பிக்குமாரின் எதிர்ப்பும் புறத்தேயிருந்து வந்தன. 1958 ஏப்ரலில் உடன்படிக்கை கைவிடப்பட்டது. ஓடத் தொடங்கிய தேர் உண்டு, இட்ட கட்டை உண்டு, இட்ட கை உண்டு. ஆகவே இங்கே முட்டுக்கட்டை என்னும் சொல் முற்றும் பொருந்தும். இழுபறி என்று எழுதினாற் செய்தவரைத் தப்பவிட்டதாகும். 2003 ஏப்ரலிற் பேச்சு இடைநின்ற பின் வந்த காலம் வேறு. இடைக்கால நிருவாகத்தை முதலிற் பேசுக என ஒரு பாலாரும், இறுதித் தீர்வையும் உடன் பேசுக என மறுபாலாரும் நின்றனர். எதனை முன்னர்ப் பேசுவது என்பதிலேயே பேச்சு நின்றது. முதலில் விடுபவர் இழப்பார் என்னும் அச்சம் இரு பாலும் இருந்தது. அது இழுபறி. 2018 ஒக்டோபர் 26 தொடக்கம் டிசெம்பர் 15 வரை ஒரு நாட்டுக்குப் பிரதமர் எனத் தம்மைக் கூறுவோர் இருவர் இருந்தனர்; டிசெம்பர் 13இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை அது தீரும் வழி திறக்கவில்லை. செரிடனின் காவலனை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இவ்விரு வகையையும் ஒரே சொல்லாற் குறிக்கும் நாளிதழ் வழக்கையே யான் கண்டிக்கின்றேன். 'பேச்சில் முட்டுக்கட்டை' என்று தலைப்பிட்டவுடன் படிப்பவன் மனம் இட்டவனைத் தேடுகின்றது. தன் பக்கத்தவன் அல்லாதவனை அவ்விடத்தில் நிறுத்துகின்றது. செய்தியைப் படிக்குமுன் தீர்ப்பு முடிந்துவிடுகின்றது. மற்றப் பக்கத்தவனும் தன் மொழியில் அவ்வாறே படிக்கின்றான். இது சொல் நுணுக்கம் பற்றிய வீண்வாதம் என்று எண்ணுவார்க்கு என் வீட்டு நிகழ்ச்சியொன்றைக் கூறுவேன்.

எங்கள் குடும்பத்திற் பங்குக்காணி ஒன்றன்மேல் நெடுங்காலமாகப் பிணக்கு. பங்காளருக்கு முற்கொள்ளும் உரிமை தரும் தேசவழமை 1707இல் எழுத்தில் ஏறியது. அன்று தொடங்கி நம் பங்குக்காணிகளின் பிணக்கும் ஓய்ந்ததில்லை. எங்களுக்கு ஒழுங்கையை நோக்கிய பக்கம் வேண்டும். அவர்களுக்குக் கிணறு வேண்டும். கிணறு எங்கள் பிடியிலும், ஒழுங்கைப் பக்கம் அவர்கள் பிடியிலும் கிடந்தன. எங்கள் சட்டத்தரணிக்கு யான் எழுதிக்கொடுத்த குறிப்பில், எதிராளி முட்டுக்கட்டை போடுகின்றார் என்னும் தொடர் நான்கு இடங்களில் உண்டு. பின்னர் எதிர்த்தரப்புக் கடிதத்தின் பிரதி வந்தது. அதே சொல், எங்களை நோக்கி. யான் அதை உரக்கப் படித்துச் சினந்துகொண்டிருக்க, அருகிலிருந்த என் பெரியம்மா வெற்றிலையை மடித்தபடி, "உது முட்டுக்கட்டை இல்லை மோனை, இழுபறி. கயித்தின்ர மற்றத் தலைப்பு உன்ர கையிலதானே கிடக்கு" என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். அக்காலத்தில் யான் வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கு இரவிரவாக இலக்கணம் படித்துக்கொண்டிருந்தேன். உம்மைத்தொகை எனக்கு மனப்பாடம். அவர் சொன்னது விளங்குவதற்குப் பதினைந்து ஆண்டு கழிந்து ஒரு மாணவன் எழுந்து நிற்கவேண்டியிருந்தது. காணி இன்னும் பிரிபடவில்லை. அடுத்த தவணைக்குமுன் குறிப்பைத் திருத்தி எழுத எண்ணியிருக்கிறேன்.

இன்னுமொரு சொல் கூறி அமைவேன். கோயில்களிலே தேர் நிற்கும் இடத்தைத் தேர்முட்டி என்பர். நம்மூரில் அச்சொல் இன்றும் உயிரோடு வழங்குகின்றது. அதுவும் இம்முட்டினின்றே பிறந்ததாகத் தோன்றுகின்றது: தேர் சென்று முட்டி நிற்கும் இடம், மீளப் புறப்படும் இடமும் அதுவே. அகராதிகள் இதனைத் தனிச்சொல்லாகத் தந்து சென்றன. முட்டுக்கட்டையோடு சேர்த்து ஆராய்ந்தார் உளரேல் அறியத் தருக.

அம்மாணவன் தாளைத் திரும்ப வாங்கினேன். சிவப்புக் கோட்டை அழிக்க முடியாது. அதன்மேல் 'சரி' என்று எழுதி, அவனுக்குரிய இரண்டு புள்ளியையும் கூட்டி, வகுப்பார் முன்னிலையிற் கொடுத்தேன். மற்றையோருக்கு இட்ட புள்ளியைக் குறைக்கவில்லை. யான் கற்பித்ததையே அவர்கள் எழுதினார்கள்.